பட்டியலில் நாற்பத்தொரு பெற்றோர்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளுக்கு இரண்டு பெயர். சம்பளச் சீட்டில் இருப்பது ஒன்று. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் வருடக்கணக்காகிறது. மற்றது கார்டு அக்கா. வருடத்துக்கு ஒருமுறை மருத்துவக் காப்பீட்டு அட்டைகளைக் கட்டுக் கட்டாக ரப்பர் பேண்டு போட்டு எடுத்துக்கொண்டு, வெட்டும் பிரிவு, அச்சுப் பிரிவு, ஒட்டும் பிரிவு என்று அவளே போய்க் கையில் கொடுப்பாள். அப்படி வந்த பெயர். ஒருநாள் முதலாளியே போனில் "கார்டு அக்காவை வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, தன்னைவிடப் பத்து வயது சின்னவளை அக்கா என்றதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டாராம்.

அவளுடைய உண்மையான வேலை வருகைப் பதிவும் சம்பளமும் விடுப்பும்தான். காப்பீடு தலையில் வந்து விழுந்தது. முன்பிருந்த மேனேஜர் வேலையை விட்டுப் போன அன்று ஒரு தடித்த கோப்பை அவள் மேசையில் வைத்து, "இதையும் கொஞ்சம் பாத்துக்கம்மா" என்றார். அந்தக் கொஞ்சம் பதினோரு வருடமாக நீள்கிறது. அதற்கென்று சம்பளம் ஒன்றும் கூடவில்லை, மரியாதை மட்டும் கூடியது. மரியாதையைக் கொண்டுபோய் வீட்டுக்காரரிடம் வாடகை என்று நீட்ட முடியாது என்பாள். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

அந்தக் கோப்பின் உயிர் ஒரு பட்டியல். அறுபத்திரண்டு தொழிலாளிகள், அவர்களுடைய கணவன் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று மொத்தம் இருநூற்று முப்பத்தொரு வரி. ஒவ்வொரு வருடமும் பழைய பட்டியலைத் திறந்து எல்லோருக்கும் வயதில் ஒன்று கூட்டுவாள். பிறந்த குழந்தையை முப்பது நாளைக்குள் சேர்க்க வேண்டும் என்பதால் குழந்தை பிறந்த சேதி சொந்தக்காரர்களுக்குப் போகும் முன் இவளுக்கு வந்துவிடும். ஒட்டும் பிரிவில் யாருக்காவது நாள் தள்ளிப்போனால் மாமியாருக்குத் தெரியும் முன் கார்டு அக்காவுக்குத் தெரியும். ஒருமுறை அச்சுப் பிரிவுக்காரர் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு வந்து, மனைவி என்ற இடத்தில் இரண்டு பெயர் போட வழி உண்டா என்று மெதுவாகக் கேட்டார். "ஒண்ணுதான் போட முடியும். வீட்ல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க" என்றாள். அவர் இன்றுவரை முடிவு சொல்லவில்லை. யாராவது இறந்துபோனால் அந்த வரியை நீக்குவதும் அவள்தான். நீக்கும்போது கணினி ஒருமுறை கேட்கும், நிச்சயமாகவா என்று. ஆமாம் என்று தட்டுவாள்.

காப்பீட்டைப் பற்றி அவளுக்கு இவ்வளவு தெரிந்ததற்குக் காரணம் கணவர். அவர் உயிரோடிருந்தபோது தூரத்து உறவினர் ஒருவர் மூலம் ஒரு தனி பாலிசி எடுத்தார். விண்ணப்பத்தில் சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று பதினெட்டுக் கேள்வி. உறவினர் ஒரே மூச்சில் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று எழுதி, "இதெல்லாம் சும்மா சம்பிரதாயம் மாமா, கையெழுத்துப் போடுங்க" என்றார். அவரும் போட்டார். இரண்டு வருடம் கழித்துச் சிறுநீரகம் கெட்டுப் படுத்தபோது, அழுத்தத்துக்கு எப்போதோ எழுதித் தந்த ஒரு மருந்துச் சீட்டை ஆஸ்பத்திரிக் கோப்பில் கண்டுபிடித்துக் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிட்டது. அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "கையெழுத்து அவரோடதுதானேம்மா?"

கணவர் போன பிறகு, வீட்டில் கையிருப்பும் போன பிறகு, ஒருநாள் அந்தப் பாலிசிப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். நாற்பத்திரண்டு பக்கம், எறும்பு எழுத்து. படிக்க வேண்டிய நேரத்தில் படிக்காததை அப்போது படித்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் படித்தாள். அந்தப் படிப்புதான் பிறகு தொழிற்சாலையில் கைகொடுத்தது. கம்பெனி மொத்தமாக எடுக்கும் பாலிசியில் அந்தப் பதினெட்டுக் கேள்வி கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே, இருக்கிற நோய் நொடியோடு சேர்த்து ஏற்றுக்கொள்வார்கள். அதே ஆள் தனியாகப் போய் நின்றால் அதே நிறுவனம் பூதக்கண்ணாடியை எடுக்கும். இந்த வித்தியாசம் புரிந்த நாளிலிருந்து அந்த அட்டையைப் புதிதாகச் சேர்ந்தவர்கள் பர்ஸில் அசட்டையாகச் செருகினால் அவளுக்குக் கோபம் வரும். "தொலைச்சீங்கன்னா என்கிட்ட வராதீங்க" என்பாள். வந்தால் அன்றே வேறு வாங்கித் தருவாள்.

போன வருடம் அவளுடைய அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. மகளோடுதான் இரண்டு அறை வீட்டில் இருக்கிறாள். அட்டையைக் காட்டினார்கள், உள்ளே போனாள், மறுநாள் கறுப்புக் கண்ணாடியோடு வெளியே வந்தாள். இடது கண்ணிலும் புரை இருந்தது. "ஆறு மாசத்துக்குள்ள பண்ணிடுங்க. முத்திட்டா கண்ல அழுத்தம் ஏறும், அப்புறம் பார்வைக்கு நான் பொறுப்பில்ல" என்றார் கண் டாக்டர். அம்மா அந்தக் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்து, ஒரு துண்டோடும் மாற்றுப் புடவையோடும் துணிப்பையில் போட்டுக் கட்டிலுக்கடியில் வைத்தாள். அடுத்த கண்ணுக்கும் அதுவே போதும் என்பது அவள் கணக்கு.

ஆறு மாதத்தில் முதல் மாதம் கழிந்திருந்தபோது ஏஜெண்ட் வந்தார். எந்த வெயிலிலும் கழுத்தில் டை கட்டியிருப்பார் என்பதால் தொழிற்சாலையில் அவருக்கு டை சார் என்று பெயர். நல்ல மனிதர்தான், ஆனால் எப்போதும் யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோலத் தாழ்ந்த குரலில் பேசுவார்.

"கிளெய்ம் ரொம்ப எகிறிடுச்சுக்கா. நீங்க கட்டினதைவிட அவங்க குடுத்தது ஜாஸ்தி. இப்படியே போனா புதுப்பிக்கும்போது பேரண்ட்ஸைத் தூக்கச் சொல்வாங்க."

"அதுக்கு என்ன பண்றது?"

"அடுத்த அஞ்சு மாசம் கொஞ்சம் அடக்கி வாசிங்க. அவசரம்னா சரி. தள்ளிப் போடக்கூடியதைத் தள்ளிப் போடச் சொல்லுங்க. நம்பரைக் காட்டி நான் பேசிக்கறேன்."

உடம்பு முடியாமல் போனால் உதவத்தான் காப்பீடு. ஆனால் நிறையப் பேருக்கு உடம்பு முடியாமல் போனால் அடுத்த வருடம் காப்பீட்டுக்கே முடியாமல் போய்விடும். இந்தத் தர்க்கம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அன்று சாயங்காலமே அம்மாவிடம், "இன்னும் அஞ்சு மாசம் பொறுத்துக்கம்மா" என்றாள். அடுத்து, வேன் டிரைவரைக் கூப்பிட்டாள். அவருடைய அப்பா கட்டட வேலை பார்த்துக் குடலிறக்கம் கண்டவர். இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடமாடுகிறார். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துத் தரக் கேட்டிருந்தார் டிரைவர்.

"இப்ப வேணாம் தம்பி. எங்கம்மாவுக்கும் ஒரு கண்ணு பாக்கி, அதையும் தள்ளித்தான் வச்சிருக்கேன். புது பாலிசி வந்ததும் முதல் ஆளா உங்க அப்பாவை அனுப்பறேன்" என்றாள்.

"நீங்க சொன்னா சரிக்கா."

காரணம்கூடக் கேட்கவில்லை.

அவள் இப்படி ஊரான் வீட்டு வலியை எல்லாம் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தபோது, மூன்றாம் மாதத்தில் முதலாளியின் மச்சானுக்கு நெஞ்சில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பெரிய ஆஸ்பத்திரி, தனி அறை, பதினேழு நாள். மச்சான் தொழிற்சாலையின் வாசல்படியை மிதித்து நாலு வருடம் இருக்கும். ஆனால் பட்டியலில் ஆலோசகர் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைத் தட்டச்சு செய்ததும் அவள்தான்; முதலாளி சொன்னார், தட்டினாள். அந்த ஒரு கிளெய்ம் மற்ற எல்லாவற்றையும் சேர்த்து வைத்ததற்குச் சமமாக நின்றது.

இருபத்திரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, முதலாளி அவளை அறைக்குக் கூப்பிட்டார். டை சார் அங்கேயே உட்கார்ந்து தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலிசி முடிய இன்னும் ஒன்பது நாள்.

"பேரண்ட்ஸை எடுத்துடலாம்னு இருக்கோம்மா. இல்லன்னா பிரீமியம் தாங்காது. நீ என்ன நினைக்கறே?" என்றார் முதலாளி.

நீட்டிய காகிதத்தின் அடியில் அவருடைய கையெழுத்து ஏற்கெனவே காய்ந்திருந்தது. நினைப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனாலும் அன்று அவளுடைய வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், இந்த வருஷக் கிளெய்ம்ல பாதி உங்க மச்சானோட ஆபரேஷன்தான்."

பதினோரு வருடத்தில் அந்த அறையில் அவள் அப்படிப் பேசியதில்லை. டை சார் கோப்பைக்குள்ளேயே விழுந்துவிடுவார்போல் குனிந்தார். முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அவரும் நம்ம ஸ்டாஃப்தானேம்மா, லிஸ்ட்ல இருக்காரே" என்றார் சாந்தமாக. பிறகு, "நோட்டீஸை ஒண்ணாம் தேதி ஒட்டிக்கலாம். இப்பவே சொன்னா எல்லாரும் அப்பா அம்மாவைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்க. இப்ப பேசி வச்சிருக்கற ரேட்டும் போயிடும்" என்றார்.

டை சார் வராந்தா வரைக்கும் அவள் பின்னாலேயே வந்தார். "நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன்கா" என்றார். பேசியிருப்பார். அவள் அவரைத் திட்டவில்லை, திட்டுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

"எங்கம்மாவுக்கு ஒரு கண்ணு பாக்கி. டிரைவரோட அப்பாவுக்கு ஹெர்னியா பாக்கி. நீங்க சொல்லித்தான் தள்ளி வச்சேன். முப்பத்தொண்ணுக்குள்ள ரெண்டையும் முடிச்சுக்கறேன்."

அவர் டையைத் தளர்த்தினார். அதை யாரும் அதுவரை பார்த்ததில்லை. "ஒரு சின்ன கிளெய்முக்குத்தான்கா இடம் இருக்கு. ரெண்டாவது போச்சுன்னா கோடு தாண்டிரும். குடுத்த ரேட்டை வாபஸ் வாங்கிட்டு மறுபடி கணக்குப் போடுவாங்க. அப்புறம் பிள்ளைங்க பேரையும் எடுக்கச் சொன்னா எல்லாருக்கும் கஷ்டம்."

"அம்மாவுக்குத் தனியா எடுத்தா?"

"எடுக்கலாம். ஆனா ஏற்கெனவே இருக்கற புரைக்கு ரெண்டு வருஷம் காத்திருக்கணும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தெரிந்ததையே இன்னொரு வாய் சொல்லக் கேட்டால் மாறிவிடாதா என்ற நப்பாசையில் கேட்டாள்.

அவள் ஒன்றும் தியாகி இல்லை. அது இங்கே தெளிவாக இருக்கட்டும். மேசைக்கு வந்ததும் முதலில் கண் ஆஸ்பத்திரிக்குத்தான் போன் செய்தாள். இருபத்தெட்டாம் தேதி திங்கட்கிழமை இடம் இருக்கிறது என்றார்கள். முன் அனுமதிப் படிவத்தை எடுத்து அம்மாவின் பெயர், வயது, அட்டை எண், இடது கண் என்று மளமளவென எழுதினாள். கைக்காசு போட்டுச் செய்யலாம்தான்; வாடகையும் மாத்திரையும் போக அதைச் சேர்க்க ஒரு வருடம் ஆகும். ஒரு வருடம் அந்தக் கண் காத்திருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. டிரைவரிடம் என்ன சொல்வது? ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒன்றாம் தேதி நோட்டீஸ் ஒட்டும்போது எல்லோரோடும் சேர்ந்து அவரும் படித்துக்கொள்வார். கம்பெனி முடிவு, அக்கா என்ன செய்வாள் என்று அவரே நினைத்துக்கொள்வார். இரண்டு நாள் இப்படி மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். படிவம் மேசை இழுப்பறையில், முதலாளியின் முத்திரைக்காக, தயாராகக் கிடந்தது.

வியாழக்கிழமை மதியம் வேன் டிரைவர் மூன்று நாள் சரக்கு ஓட்டிவிட்டு வந்து சேர்ந்தார். பயணச் சீட்டைக் கொடுத்துவிட்டு வாசலில் தயங்கினார். கையில் இருந்த தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அப்பாவுக்கு வலி ஜாஸ்தியாயிடுச்சு. ராத்திரியெல்லாம் உக்காந்துட்டே இருக்காரு. பக்கத்து வீட்ல, ஏன்டா பெத்தவரை இப்படி வச்சிருக்கேன்னு கேக்கறாங்க. நான் சொல்லிட்டேன், எங்க ஆபீஸ்ல அக்கா ஒருத்தங்க தேதி சொல்வாங்க, அவங்க சொல்ற தேதிதான்னு. அப்பாவும் பெல்ட்டை இறுக்கிக்கிட்டு, ஒண்ணாம் தேதி வரட்டும்னு சொல்லிட்டாரு."

"ஒண்ணாம் தேதிக்கு அப்புறம்தானேக்கா?" என்று கேட்டார்.

அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இழுப்பறையைத் திறந்து அம்மாவின் படிவத்தைத் திருப்பிப் போட்டாள். அதற்கடியில் இருந்த வெற்றுப் படிவத்தை எடுத்து, "அப்பா பேரை அட்டையில இருக்கற மாதிரியே சொல்லுங்க தம்பி. ஒண்ணாம் தேதி இல்ல, இந்தத் திங்கக்கிழமை" என்றாள். குரல் யாரையோ திட்டுவதுபோல் வந்தது.

"திங்கக்கிழமையா? ஏன்க்கா?"

"கேக்காதீங்க. ஒண்ணாம் தேதிக்கு மேல முடியாது. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னபோதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது. பட்டியலில் நாற்பத்தொரு பெற்றோர். அதில் ஒருவருக்கு ரகசியமாக வழி காட்டிவிட்டு தன் அம்மா போக மற்ற முப்பத்தொன்பது பேர் வீட்டுப் பிள்ளைகளிடம், தினமும் காலையில், வாங்க, நல்லா இருக்கீங்களா என்று சிரித்துக்கொண்டிருந்தாள். பசை மெஷின்காரர் தன் அம்மாவுக்கு மூட்டு வலி என்று ஆரம்பித்தபோது, போன் வந்ததுபோல் பாவனை செய்து எழுந்து போனாள். முன் ஒருகாலத்தில் அவள் முகத்தைப் பார்த்துக் கையெழுத்தைப் பற்றிக் கேட்டாரே அந்தக் காப்பீட்டு அலுவலக மனிதர், அவரும் வீட்டுக்குப் போய் இப்படித்தான் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பாரோ என்று முதல்முறையாகத் தோன்றியது. அதற்காக அவரை மன்னித்துவிடவில்லை.

அந்த நாட்களில் அவள் ஓடிய ஓட்டம் சொல்லி மாளாது. ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டரில் இருந்த பெண், அட்டையில் டிரைவரின் அப்பா பிறந்த வருடமும் அடையாளச் சான்றில் இருப்பதும் வேறு வேறு என்றாள். வேறு வேறாகத்தான் இருக்கும். வருடா வருடம் ஒன்று ஒன்றாக வயதைக் கூட்டியது யார்? முதல் வருடம் பெரியவர் குத்துமதிப்பாகச் சொன்ன வயதின்மேல் பதினோரு வருடமாகக் கவனமாகக் கூட்டியிருக்கிறாள். திருத்தக் கடிதம், முதலாளி முத்திரை, மறுபடி கடிதம். ஞாயிற்றுக்கிழமையும் கவுண்டர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, நாளைக்கு வருகிறீர்கள்தானே என்று. "இல்லைங்க, அந்த இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் பையை மடியில் எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார்.

திங்கட்கிழமை காலை அனுமதி வந்தது. பெரியவரை உள்ளே கொண்டு போனார்கள். நாள் தள்ளியிருந்தால் குடல் சிக்கிக்கொண்டிருக்கும், நல்ல வேளை என்றார் அறுவை டாக்டர். புதன்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது பெரியவர் பழைய பெல்ட்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, இதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். டிரைவர் அவளிடம் வந்தார்.

"உங்கம்மாவுக்கும் கண்ணு ஒண்ணு பாக்கின்னு சொன்னீங்களேக்கா. எப்ப?"

"பாத்துக்கலாம் தம்பி. வேனை எடுங்க, ஆட்டோவுக்கு இடம் விடணுமாம்."

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் தொழிற்சாலை அடங்கிய பிறகு பட்டியலைத் திறந்தாள். பெற்றோர் வரிகளை ஒவ்வொன்றாக நீக்கினாள். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் நீக்கலாம், அவளுக்குத் தெரியும். ஏனோ ஒவ்வொன்றாகத்தான் செய்தாள். நிச்சயமாகவா, நிச்சயமாகவா என்று நாற்பத்தொரு முறை கேட்டது கணினி. இத்தனை வருடத்தில் செத்தவர்களுக்கு மட்டுமே செய்த வேலையை உயிரோடிருப்பவர்களுக்குச் செய்வது சங்கடமாக இருந்தது. அம்மாவின் வரி முப்பத்திரண்டாவது. அதற்கும் ஆமாம் என்று தட்டினாள். ஆலோசகரின் வரி முதல் பக்கத்திலேயே, அசையாமல் இருந்தது. பட்டியலை அனுப்பிவிட்டு, காலையில் ஒட்ட வேண்டிய நோட்டீஸை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வழியெல்லாம் அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்றே யோசித்தாள். அம்மாவின் வாயைப் பற்றி அவளுக்குத் தெரியும். ஐந்து மாதம் பொறு என்றபோதே, "ஏண்டி, ஒரு கண்ணுக்குக் குடுத்தவன் இன்னொரு கண்ணுக்குக் குடுக்க மாட்டானா? ரெண்டும் ஒரே மூஞ்சியிலதானே இருக்கு" என்று கேட்டவள். இன்றைக்கு என்னவெல்லாம் கேட்கப்போகிறாளோ.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியபோதே ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. கட்டிலுக்கடியில் துணிப்பை இல்லை. மாற்றுப் புடவை மடித்து அலமாரிக்குப் போயிருந்தது, துண்டு கொடியில் கிடந்தது. கறுப்புக் கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில், பழைய பாலிசிப் புத்தகத்தின்மேல் இருந்தது. ஒரு வாரமாக மகள் போனில் பேசியதை எல்லாம் அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். காதில் ஒரு குறையும் இல்லை.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல நான் சொல்றேன்" என்றாள் அம்மா, கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தபடி. "அந்தக் கண்ணுக்கு ஒண்ணும் பண்ண வேணாம்டி. ரெண்டு நாளா தெளிஞ்சு வருது. டாக்டருங்க பயமுறுத்தறாங்க, அவ்வளவுதான். வீணா அலையாத."

"அப்படியெல்லாம் தானா தெளியாதும்மா."

"நம்ப மாட்டே? பாரு."

அம்மா வலது உள்ளங்கையால் வலது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மோவாயை நிமிர்த்தி, எதிர்ச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தாள். தினமும் காலையில் செருப்பு மாட்டும் முன் மகள் கிழிக்கும் காலண்டர் அது.

"முப்பத்தொண்ணு" என்றாள் நிதானமாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பதுபோல. "வியாழக்கிழமை. கறுப்பு எழுத்து. போதுமா?"

மகள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஓட்டத்தில் அவள் நாலு நாளாகக் காலண்டரைக் கிழிக்கவில்லை. அங்கே இருபத்தேழு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு எழுத்து.

அம்மா கையை எடுக்காமல், மோவாயை இறக்காமல், பதிலுக்குக் காத்திருந்தாள். மூடாத அந்தக் கண் திறந்திருந்தது, வெளுத்திருந்தது, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மகள் ஒரே எட்டில் போய்க் காலண்டருக்கும் கட்டிலுக்கும் நடுவில், அதை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"சரியாத்தாம்மா சொல்றே" என்றாள். "கையை எடு, கண்ணு வலிக்கப் போகுது."

"நீ ஏதோ சொல்லணும்னியே?"

"ஒண்ணுமில்ல. டிரைவரோட அப்பா நல்லா இருக்காரு. அதைச் சொல்லத்தான்."

"நல்லா இருக்கட்டும்" என்று அம்மா கையை எடுத்தாள். எடுத்தவள் இரண்டு கண்ணையும் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் பார்க்காமல், அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

தாளைக் கிழித்தால் சத்தம் கேட்கும் என்று மகள் அன்றைக்கு அதைத் தொடவில்லை. மறுநாள் காலை அம்மா குளிக்கப் போன பிறகு, குழாய்த் தண்ணீர் விழும் சத்தத்தில், ஐந்து தாள்களையும் சேர்த்துக் கிழித்தாள். ஒன்றாம் தேதி வந்தது. கிழித்ததை மடித்துப் பையில், நோட்டீஸோடு சேர்த்து வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி வேலைக்குக் கிளம்பினாள்.